நீருக்கடியில் நிழற்படக் கருவி

நீர் புகாத சிறு காமிராக்களை விற்கும் கடைகளில், பெட்டியின் மேல் மற்றெல்லாச் செய்திகளையும்விடப் பெரிதாக அச்சிட்டிருப்பது ஓர் எண். 10 மீட்டர், 15 மீட்டர், 30 மீட்டர் என்று ஆழத்தைக் குறிக்கும் எண் அது. வாங்க வருவோரும் பெரிய எண் உள்ளதே உயர்ந்தது என்று முடிவு செய்து பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. மும்பையிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ பணியாற்றிக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்தமானுக்கோ இலட்சத்தீவுக்கோ குழந்தைகளை அழைத்துச் செல்லும் ஒருவருக்கு வேறு எந்த அளவுகோல் கைவசம் இருக்கிறது? ஆயினும், நீருக்கடியில் படமெடுக்க மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், ஆழத்தைக் காட்டிலும் கசிவும் ஒளிக்குறையும் நீர் செய்யும் கண்கட்டு வித்தையுமே அவனை மிகுதியாக வருத்தின என்பது தெரியவரும். பெட்டியில் அச்சிட்ட எண் இவற்றுள் கசிவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதையும் முழுமையாகப் பேசுவதில்லை.

இவ்வரலாறு 1856ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் என்னும் ஊரில் தொடங்குகிறது. வில்லியம் தாம்சன் என்பவர் தொழிலால் வழக்கறிஞர். விருப்பத்தால் இயற்கை ஆராய்ச்சியாளர். கடலடியில் நிற்கும் பாலத் தூண்களைப் புயல் எவ்வாறு சிதைத்திருக்கிறது என்பதை, ஆளை நீருக்குள் இறக்காமலே அறிந்துகொள்ள முடியுமா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. ஒரு மரப்பெட்டியைச் செய்வித்து, அதன் முன்புறத்தில் கனத்த கண்ணாடியைப் பொருத்தி, உள்ளே காமிராவை வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் ஒரு மூடி. மூடியைத் தூக்க ஒரு கயிறு. படகிலிருந்து 18 அடி ஆழத்திற்கு அப்பெட்டியை இறக்கி, கயிற்றை இழுத்துப் பிடித்துப் பத்து நிமிடங்கள் காத்திருந்தார். மேலே தூக்கியபோது பெட்டிக்குள் கடல் நீர் நிறைந்திருந்தது. எனினும் தகட்டில் பாறைகளும் கடற்பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன.

உலகின் முதல் நீரடி நிழற்படம், கசிந்த பெட்டியில் பிறந்த குழந்தை என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டின் மேல் பூசிய கொலோடியன், உப்பு நீரில் நனைந்தும் பிழைத்தது. இன்றைய காமிராவின் மின்சுற்றுகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சில துளி உப்பு நீர் உள்ளே சென்றால் கருவியே பாழாகும். நினைவு அட்டையில் உள்ள பயணப் படங்களும் அதனுடன் போய்விடக்கூடும். கருவிகள் நுண்மையாக நுண்மையாக, கசிவின் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

தாம்சன் நீருக்கு மேலிருந்தபடி செய்ததைக் கடலுக்குள் இறங்கியே செய்தவர் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் லூயி பூத்தான். மத்தியதரைக் கடற்கரையில் பன்யூல்ஸ் என்னும் சிற்றூரில் அரகோ ஆய்வுக்கூடம் என்றொரு கடலாய்வு நிலையம் உண்டு. அங்கே 1893இல் பூத்தான், கனத்த முக்குளிப்பு உடையும் தலைக்கவசமும் அணிந்து, காமிராவுடன் கடலடியில் நின்றார். காமிராவுக்கான பெட்டியை வடிவமைத்தவர் அவருடைய சகோதரர் ஓகுஸ்த் என்னும் பொறியியலாளர். அப்பெட்டியின் ஒரு சிறப்பை இங்கே சொல்லியாக வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுதலாக வந்து அழுத்துகிறது. அதைத் தடுக்க, பெட்டியுடன் காற்றடைத்த ஒரு ரப்பர்ப் பையை இணைத்தனர். கீழே செல்லச் செல்ல நீர் அப்பையை நசுக்கும். பையிலுள்ள காற்று பெட்டிக்குள் நுழையும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். அழுத்தம் சமமானால் நீருக்கு உள்ளே நுழையும் ஆவல் குறையும் அல்லவா? எளிய சூழ்ச்சி, ஆனால் அழகானது.

கசிவை அவர்கள் இவ்வாறு ஒருவாறு வென்றனர். ஒளியை வெல்வது அத்தனை எளிதாக இல்லை. பூத்தானின் படங்களுள் சிலவற்றிற்கு அரைமணி நேரம் வரை காமிராவின் கண்ணைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அரைமணி நேரம் அசையாதிருக்கும் மீன் எங்கே கிடைக்கும்? ஆகவே அவர் செயற்கை ஒளியை நாடினார். ஷோஃபூர் என்னும் பொறியியலாளர், பிராணவாயு நிரப்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மக்னீசியக் கம்பியை எரியச் செய்து பார்த்தார்; குமிழ்கள் வெடித்தன. பின்னர், பிராணவாயு நிரப்பிய 200 லிட்டர் பீப்பாய் ஒன்றின் தலையில் சாராய விளக்கை ஏற்றிக் கண்ணாடிக் கவிகை ஒன்றால் மூடி, ரப்பர்க் குமிழை அழுத்தி மக்னீசியப் பொடியைச் சுடரில் ஊதினர். பளிச்சென்று ஒளி பிறந்தது. ஒரு கணப்பொழுது ஒளிக்காக ஒரு பீப்பாயைக் கடலில் இறக்கிய அந்த மனிதர்களின் விடாமுயற்சியை வியக்காதிருக்க முடியாது. 1899இல் ருமேனிய உயிரியலறிஞர் எமில் ரகோவித்சாவை முக்குளிப்பு உடையில் அவர் எடுத்த படம் இன்றும் புகழுடன் விளங்குகிறது. மறு ஆண்டு, இக்கலையைப் பற்றிய நூல் ஒன்றையும் பூத்தான் வெளியிட்டார்.

ஒளிக்கு ஏன் இத்தனை பாடு என்பதைச் சற்று விளக்க வேண்டும். நீர் ஒளியை வெறுமனே குறைப்பதில்லை. நிறம் பார்த்துக் குறைக்கிறது. முதலில் மறைவது சிவப்பு. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். பத்து மீட்டரில் செந்நிற மீன் பழுப்பும் சாம்பலுமாகத் தோன்றும். அதன் பின் செம்மஞ்சள், மஞ்சள் என ஒவ்வொன்றாக விடைபெற, நீலமும் பச்சையும் மட்டுமே எஞ்சும். கீழ்நோக்கிய ஆழம் மட்டுமன்று, மீனிலிருந்து காமிரா வரை பக்கவாட்டில் ஒளி கடக்கும் தொலைவும் இக்கணக்கில் சேரும். சுற்றுலா சென்று வந்தவர்களின் படங்கள் எல்லாம் ஒரே நீலப் போர்வை போர்த்தியிருப்பதற்குக் காரணம் இதுவே. காமிராவில் குறை இருப்பதாக எண்ணிக் கடைக்காரருடன் வழக்காட வேண்டுவதில்லை.

நிறங்களை உள்ளபடி காட்டிய முதற்படங்கள் 1926இல் எடுக்கப்பட்டன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் முனையில் உள்ள டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளின் அருகே, லாங்லி என்னும் மீனியல் அறிஞரும், நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் ஒளிப்படக் கலைஞர் சார்லஸ் மார்ட்டினும் சேர்ந்து எடுத்தவை அவை. பிரான்சில் பிறந்த ஆட்டோகுரோம் என்னும் வண்ணத் தகடு மிகவும் மந்தமானது. ஒளியை ஏராளமாகக் கேட்கும். இவர்கள் ஒரு மிதவையின் மேல் ஒரு பவுண்டு அளவு மக்னீசியப் பொடியை வைத்து, காமிரா திறக்கும் அதே கணத்தில் அதைக் கொளுத்தினர். 1927 ஜனவரி இதழில் அப்படங்கள் வெளிவந்தன. பவழப்பாறைகளின் உண்மை நிறத்தைக் கரையிலிருந்தோர் அச்சில் கண்டது அப்போதுதான்.

1943இல் கூஸ்தோவும் கன்யானும் காற்றுக்குழாயின் தளையிலிருந்து முக்குளிப்போரை விடுவித்த சுவாசக் கருவியை உருவாக்கிய பின், கடலுக்குள் செல்வோர் தொகை பெருகிற்று. ஆனால் காமிரா இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. ஜெர்மனியின் ரோலைஃபிளெக்ஸ் காமிராவுக்கென 1950களில் வந்த ரோலைமரின் பெட்டி இவற்றுள் புகழ் வாய்ந்தது. ஆஸ்திரிய முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸ் பெயருடன் அது இணைத்துப் பேசப்படுகிறது. கனமானது, விலை மிக்கது, சாமானியர் கைக்கு எட்டாதது.

நம்மவர்க்கு உரிய ஒரு செய்தியை இவ்விடத்தில் சொல்லாமற் செல்ல மனமில்லை. 1956இல் இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் திருக்கோணமலையில் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கினர். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்த கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்களை அவர்கள் கடலடியில் கண்டனர். பாடல் பெற்ற தலம் ஒன்றின் சிதைவுகள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அலைகளுக்குக் கீழே கிடந்து, முக்குளிப்போர் கண்ணில் பட்டன. கிளார்க் மறு ஆண்டே அதைத் தம் நூலொன்றில் எழுதினார். நீரடிப் படக்கலை பொழுதுபோக்கு மட்டுமே என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பெட்டியிலிருந்து காமிராவை விடுவித்தது ஓர் எளிய ரப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் 1937இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1939இல் அது கிடைத்தது. வட்டக் குறுக்குவெட்டுள்ள ஒரு வளையத்தை, அதற்கேற்ற பள்ளத்தில் சற்றே நசுங்கும்படி வைப்பது, அவ்வளவே கண்டுபிடிப்பு. உலகப் போரில் விமானங்களின் நெய் அழுத்தக் கருவிகளுக்கு இது பெரிதும் பயன்பட்டது. இவ்வளையத்தின் குணம் விந்தையானது. வெளியிலிருந்து அழுத்தம் கூடக் கூட, வளையம் இடுக்கில் மேலும் இறுகிப் பதிந்து வழியை அடைக்கும். ஆழம் அதன் பகையன்று; ஓரளவுக்குத் துணை என்றே சொல்லலாம். வளையத்தின் மேல் ஒரு தலைமயிரோ ஒரு மணற்றுகளோ ஒட்டியிருந்தால், அழுத்தம் குறைந்த இடத்திலேயே, அதாவது நீரின் மேற்பரப்பை அடுத்தே, நீர் வழி கண்டுகொள்ளும். முழங்காலளவு நீரில் கருவியைப் பறிகொடுத்தவர்கள் உண்டு என்பதில் வியப்பில்லை.

இவ்வளையங்களை நம்பி, பெட்டியே தேவையில்லாத காமிராவை வடிவமைத்தவர் பெல்ஜியப் பொறியியலாளர் ழான் தெ வூத்தெர். கூஸ்தோவின் கப்பலின் பெயரையே அதற்கு வைத்து, கலிப்ஸோ என்று பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 1960களின் தொடக்கத்தில் விற்றது. ஜப்பானின் நிக்கான் நிறுவனம் உரிமையைப் பெற்று, 1963இல் நிக்கோனாஸ் என்னும் பெயருடன் அதனை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கையடக்கமான கருவி. லென்ஸைக் கழற்றினால் உட்பகுதி முழுவதும் மேசை இழுப்பறைபோல் வெளியே வரும். லென்ஸைப் பொருத்தினால் உடலும் பூட்டப்பட்டுவிடும். 50 மீட்டர் ஆழம் தாங்கும். கடலுக்குச் செல்லாதவர்களும் இதை விரும்பினர். வியத்நாம் போரில் மழையிலும் சேற்றிலும் அலைந்த செய்திப் படக்காரர்கள் பலர் இதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தனர். வெளியில் மாட்டி, சேறு பட்டால் குழாயடியில் கழுவிக்கொள்ளும் காமிரா என்னும் எண்ணம் அங்கேதான் வேரூன்றியது.

நிக்கோனாஸ் தன் பயனாளருக்கு ஒரு பாடத்தையும் கற்பித்தது. நீருக்கும் காற்றுக்கும் இடையே தட்டைக் கண்ணாடி இருந்தால், ஒளி வளைவதால், நான்கடி தொலைவிலுள்ள பொருள் மூன்றடியில் இருப்பதாகத் தோன்றும். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். அக்காமிராவில் தொலைவைக் கண்மதிப்பால் கணித்துத் திருக வேண்டும். அளவுகோல் காட்டும் தொலைவைத் திருகினால் படம் மங்கும். கண்ணுக்குத் தோன்றும் தொலைவைத் திருகினால் தெளியும். மேலும், 35 மில்லிமீட்டர் லென்ஸ் நீருக்குள் 47 மில்லிமீட்டர் லென்ஸைப்போல் குறுகிய காட்சியையே தரும். இதற்காகவே, நீருக்குள் மட்டும் வேலை செய்யும் 28 மில்லிமீட்டர் லென்ஸைத் தனியே செய்தனர். அகன்ற காட்சி உடைய லென்ஸ் வேண்டும், பொருளை நெருங்கிச் செல்ல வேண்டும் என்ற இரண்டும் அன்று முதல் இக்கலையின் அரிச்சுவடி ஆயின. நிக்கோனாஸ் வரிசையின் ஐந்தாம் மாதிரி 1984இல் வந்தது. 2001இல் அதன் உற்பத்தி நின்றது.

இதற்கிடையே மலிவான சிறு காமிராக்கள் தலைகாட்டின. 1979இல் ஃபூஜி நிறுவனம் மழைக்கும் மணலுக்கும் அஞ்சாத ஒன்றை வெளியிட்டது. 1980இல் வந்த மினோல்ட்டாவின் வெதர்மேட்டிக், மஞ்சள் நிறத்தது. கை தவறினால் நீரில் மிதக்கும். இந்த ஒரு நற்குணத்தைப் பின்னால் வந்தவற்றுள் பெரும்பாலானவை கைவிட்டுவிட்டது வருந்தத்தக்கது. கொனிக்கா நிறுவனம் 1980களின் இறுதியில் ஜப்பானியக் கட்டடத் தொழிலாளருக்கென்றே ஒன்றைச் செய்து, ‘பணித்தள மேற்பார்வையாளர்’ என்று பொருள்படும் பெயரையும் சூட்டியது. சிமென்டுத் தூளும் மழையும் கையுறை அணிந்த விரல்களும் அதன் உலகம். கடல் என்பது அதன் கணக்கிலேயே இல்லை. நீர்புகாக் காமிராவின் பெரும்பயன் கரையில்தான் என்பதை அந்நிறுவனம் சரியாகவே கண்டுகொண்டது.

பிலிம் மறைந்து மின்னணுக் காலம் வந்தது. 2005இல் பென்டாக்ஸின் சிறு கருவி ஒன்று ஒன்றரை மீட்டர் ஆழம் தாங்கியது. 2006இல் ஒலிம்பஸ் மூன்று மீட்டர் ஆழமும் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியும் தாங்கும் கருவியைத் தந்தது. 2009இல் கேனன் 10 மீட்டர் என்றது. அதன் பின்னர் எண்களின் பந்தயம் தொடங்கிற்று. கேனன் 2014இல் 25 மீட்டர். நிக்கான் 2015இல் 30 மீட்டர். பானாசோனிக் 2018இல் 31 மீட்டர். அந்தக் கடைசி ஒரு மீட்டர் எந்த முக்குளிப்பாளருக்காகச் சேர்க்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்பந்தயத்தின் பொருளை உணர 2017ஆம் ஆண்டு நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. அவ்வாண்டில் இரு காமிராக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்தன: நிக்கானின் டபிள்யூ 300, ஒலிம்பஸின் டி.ஜி.-5. முன்னது 30 மீட்டர். பின்னது 15 மீட்டர். பெட்டியை மட்டும் பார்ப்பவர் ஒரு கணமும் தயங்கார். ஆனால் இரண்டிற்கும் உள்ளே இருந்த ஒளியுணரித் தகடு ஒரே அளவினது, லென்ஸ்தான் வேறு. நிக்கானின் லென்ஸ் அகன்ற நிலையில் எஃப் 2.8, ஒலிம்பஸின் லென்ஸ் எஃப் 2. அதாவது, பாதி ஆழமே தாங்கும் கருவி ஏறத்தாழ இரு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஒளிக்காகப் பீப்பாயைக் கடலில் இறக்கிய பூத்தானிடம் இவ்விரண்டையும் காட்டியிருந்தால் அவர் எதனை எடுத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேலும், ஒலிம்பஸ் தன் முந்தைய மாதிரியில் 16 ஆக இருந்த மெகாபிக்செல் எண்ணிக்கையை இதில் 12 ஆகக் குறைத்தது. எண்ணைக் கூட்டியே விற்கும் வணிகத்தில், மங்கிய ஒளியில் படம் நன்றாக வரவேண்டும் என்று எண்ணைக் குறைத்தது துணிவான செயல். காமிரா பதிந்த தகவலைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ‘ரா’ முறையும் அதில் இருந்தது, நிக்கானில் இல்லை. நீர் விழுங்கிய சிவப்பை வீட்டிற்கு வந்தபின் ஓரளவேனும் மீட்க இம்முறையே துணை.

இதனால் ஆழத்தின் எண் வீண் என்று சொல்லிவிடலாகாது. பயிற்சியின்றி வழிகாட்டியுடன் முதன்முறை மூழ்குவோரை, முக்குளிப்புச் சங்கங்களுள் பெரிதான ‘பாடி’யின் விதிகள் 12 மீட்டருக்குக் கீழே அனுமதிப்பதில்லை. அவர்களுக்கும், முகமூடியும் சுவாசக் குழலும் அணிந்து மேற்பரப்பில் மிதப்போருக்கும் 15 மீட்டர் தாராளம். ஆனால் தொடக்கப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை செல்லலாம். அங்கே 15 மீட்டர் காமிரா எல்லையைக் கடந்துவிடுகிறது. அத்தகையவர், 30 மீட்டர் கருவியை நாட வேண்டும். அல்லது சிறு காமிராவுக்கென விற்கும் தனிப்பெட்டியை வாங்கி அதனுள் வைக்க வேண்டும். டி.ஜி. வரிசைக்கு 45 மீட்டர் வரை தாங்கும் பெட்டி உண்டு. அப்போது பெட்டி கசிந்தாலும் உள்ளிருக்கும் காமிரா தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பது ஓர் ஆறுதல்.

கர்நாடகத்தின் நேத்ராணித் தீவிலும், மகாராஷ்டிரத்தின் மால்வண் கரையிலும் முக்குளிப்போர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். மேற்குக் கரையில் நீர் பெரும்பாலும் அந்தமானின் தெளிவுடன் இராது. கலங்கிய நீரில் காமிராவிலேயே உள்ள பிளாஷ் விளக்கை எரித்தால், மிதக்கும் துகள்கள் யாவும் ஒளிர்ந்து, படத்தில் பனி பொழிவதுபோல் தோன்றும். விளக்கு லென்ஸை ஒட்டியே இருப்பதன் விளைவு இது. விளக்கை அணைத்துவிட்டு, கதிரவன் உயர்ந்திருக்கும் வேளையில், கை நீட்டினால் தொடக்கூடிய தொலைவுக்கு நெருங்கிச் சென்று எடுப்பதே வழி. நெருங்குவது என்றால் பவழப்பாறையின் மேல் நிற்பது என்று பொருளன்று. 2001 முதல் பவழ உயிர்கள் நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. ஒரு துண்டை உடைத்தெடுத்தாலும் குற்றமே.

இனிக் கரையைப் பார்ப்போம். மும்பையின் ஆடி மழை, மேகாலயத்தின் சாரல், ரிஷிகேசத்தில் ரப்பர்ப் படகுப் பயணம், வட மாநிலங்களின் ஹோலி ஆகிய இடங்களிலெல்லாம் ஆழம் என்ற பேச்சே இல்லை. ஹோலியின் வண்ணப்பொடியைப்போல் காமிராவுக்குத் தீங்கு விளைப்பது வேறொன்று இல்லை. முன்னே நீளும் லென்ஸ் உடைய சாதாரணக் காமிராவின் இடுக்குகளில் அப்பொடி புகுந்துவிடும். நீர்புகாச் சிறு காமிராவில் லென்ஸ் உடலுக்குள்ளேயே மடங்கி இயங்குவதால் வெளியே நீளும் பகுதி எதுவும் இல்லை. பண்டிகை முடிந்ததும் குழாயடியில் கழுவிவிடலாம். இமயமலைப் பகுதியில் பனியைக் காணச் செல்வோர் குளிரின் எல்லையையும் பார்த்து வாங்க வேண்டும், டி.ஜி. வரிசைக்கு அது பூச்சியத்திற்குக் கீழ் 10 டிகிரி. குளிரில் பாட்டரி விரைவில் சோர்ந்துவிடும். மாற்றுப் பாட்டரியைச் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்திருப்பது நலம்.

காப்புக் குறியீடுகளைப் பற்றியும் சில சொற்கள். ‘ஐ.பி. 68’ என்று இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் காணப்படும் குறியில், முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் நீரையும் குறிக்கும். நீருக்கு 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் என்பது பொருள். 8 என்றால் அதற்கு மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைச் செய்தவரே சொல்ல வேண்டும். ஆகவே ஒரு நிறுவனத்தின் 8 மற்றொரு நிறுவனத்தின் 8 ஆகாது. இச்சோதனைகள் புதிய கருவியை அசையாத நன்னீரில் வைத்து நடப்பவை. கடல் உப்பானது; அலை அடிக்கிறது; படகிலிருந்து குதிக்கும்போது நீர் கருவியின் மேல் அறைகிறது. கைப்பேசியின் உத்தரவாதப் பத்திரத்தை நிதானமாகப் படித்தால், நீரால் நேரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் அகப்படும். கைப்பேசியைக் கடலுக்குள் கொண்டு செல்ல விரும்புவோருக்குத் தனிப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்றேகால் நூற்றாண்டைக் கடந்து மீண்டும் பூத்தானின் பெட்டிக்கே வந்து நிற்கிறோம்!

தலையிலும் மார்பிலும் மாட்டிக்கொள்ளும் கோப்ரோ போன்ற சிறு கருவிகளையும் பலர் விரும்புகின்றனர். 2016இல் வந்த அதன் ஐந்தாம் மாதிரி பெட்டியின்றியே 10 மீட்டர் தாங்கியது. நீந்துவதையும் படகு குலுங்குவதையும் அசையும் படமாக எடுக்க இதற்கு ஈடில்லை. ஆனால் அதன் லென்ஸ் குவியம் மாறாதது; ஒரு சிப்பியையோ சிறு நண்டையோ அருகில் வைத்து எடுத்தால் மங்கும். டி.ஜி. வரிசையோ ஒரு சென்டிமீட்டர் நெருக்கம் வரை தெளிவாகக் காட்டும். பாறைக்குட்டையில் குனிந்து பார்க்கும் குழந்தைக்கு எது வேண்டும் என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் கதவு ஒன்று இருக்கும். கதவில் வளையம் இருக்கும். படகில் ஈரக் கையுடன் அதைத் திறக்கலாகாது. மூடுமுன் நல்ல வெளிச்சத்தில் வளையத்தைப் பார்த்து, மயிரோ மணலோ இருந்தால் மெல்லிய துணியால் நீக்க வேண்டும். புழுக்கமான கடற்கரைக் காற்றில் திறந்து மூடினால், ஈரக் காற்று உள்ளே அடைபட்டு, குளிர்ந்த நீருக்குள் சென்றதும் லென்ஸின் உட்புறம் பனிபோல் படியும். குளிர்சாதன அறையில் வைத்தே பாட்டரியையும் அட்டையையும் மாற்றுவது நல்லது. கடலிலிருந்து வந்ததும், கதவைத் திறக்குமுன், நன்னீரில் ஊறவிட்டு உப்பைக் கரைக்க வேண்டும். இல்லையேல் உப்புப் படிகங்களே வளையத்தை அறுக்கும். இந்த வளையங்களை ஆண்டுக்கொரு முறை பணிமனையில் மாற்றிக்கொள்ளுமாறு ஒலிம்பஸின் கையேடுகளே கூறுகின்றன. மிதவைப் பட்டை ஒன்றையும் மறவாமல் வாங்குக.

கைப்பேசியின் பெருக்கத்தால் இச்சிறு காமிராக்களின் சந்தை சுருங்கிவிட்டது. டி.ஜி. வரிசை, ஒலிம்பஸின் காமிராத் தொழில் கைமாறிய பின், 2023இல் ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் ஏழாம் மாதிரியைக் கண்டது. ரிக்கோ நிறுவனமும் பென்டாக்ஸ் பெயரில் 2024இல் புதியவற்றை வெளியிட்டது. மற்ற பெருநிறுவனங்களின் பழைய மாதிரிகள் பல இன்று பழைய பொருட் சந்தையில்தான் அகப்படும். விலை மலிவு, லென்ஸும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் பெட்டியில் 30 மீட்டர் என்று அச்சிட்டது அது பிறந்த நாளின் கணக்கு. ரப்பர் காயும், சுருங்கும், வெடிக்கும். வளையத்தைப் புதுப்பித்துத் தருவோர் இல்லாவிடில், அத்தகைய கருவியை மழைக்கும் ஹோலிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கடலுக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.